அண்ணி கொண்டுபோன ஐந்து படங்கள்

கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும் அந்த மெமரி கார்டு. கறுப்பு நிறம். மேலே வெள்ளையில் அச்சடித்திருந்த எழுத்தெல்லாம் தேய்ந்து, 4 என்ற எண் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதன் பிளாஸ்டிக் டப்பியில் மூடியின் கீல் உடைந்துபோனதால் ரப்பர் பேண்டு சுற்றி, பீரோவில் ரேஷன் கார்டும் நிலத்து பாஸ்புக்கும் இருக்கிற அறையில் வைத்திருக்கிறேன். வருஷத்தில் ஓரிரு தடவை எடுப்பேன். லேப்டாப்பில் செருகி, உள்ளே இருக்கிற ஃபைல்களின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு, ஒன்றையும் திறக்காமல் திரும்ப எடுத்து வைத்துவிடுவேன். என் மனைவி இதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். சாமி படத்தைத் துடைக்கிற மாதிரி இதென்ன வழக்கம் என்று ஒருமுறை கேட்டாள்.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் எங்கள் கம்பெனி பஸ். ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் மிஷின் பராமரிப்பு வேலை எனக்கு. காலையில் நகரியில் பஸ் ஏறினால் பிச்சாட்டூர், சத்தியவேடு வழியாக ஒன்றேகால் மணி நேரம். பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் இருபது, இருபத்திரண்டு வயசுப் பிள்ளைகள். தூங்குகிறவர்கள் போக மிச்சப் பேர் ஏதாவது விளையாடிக்கொண்டு வருவார்கள். போன மாதம் ஒரு நாள், குவாலிட்டி செக்ஷனில் வேலை செய்கிற ஒரு பெண் எல்லாரையும் பார்த்து ஒரு கேள்வி போட்டாள். நீ மட்டும் தனியாக ஒரு தீவில் மாட்டிக்கொள்கிறாய், நெட்வொர்க் கிடையாது, டிவி மட்டும் இருக்கிறது, ஐந்து படம்தான் எடுத்துப்போகலாம், சாகிற வரைக்கும் அதையே திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும், எதை எடுப்பாய்? பஸ்ஸே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. தமிழ்ப் படம் எத்தனை, தெலுங்குப் படம் எத்தனை என்று ஒரு சண்டை. பேய்ப் படத்தைத் தனியாக உட்கார்ந்து எவன் பார்ப்பான் என்று இன்னொரு சண்டை. கடைசியில் அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், ஒங்க அஞ்சு இன்னா? சொல்லுங்க."

எனக்கு சினிமா பார்க்கிற பழக்கம் இல்லை என்றேன். பின்சீட்டிலிருந்து சிரிப்பு வந்தது. நகரிக்காரப் பையன்களுக்கு என் பழைய தொழில் தெரியும். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிச்சாட்டூர் அணைத் தண்ணீர் அந்த நேரத்தில் வெயில் பட்டுக் கண்ணைக் கூசும். அந்தப் பெண் விளையாட்டாகக் கேட்டுவிட்டாள். ஒருத்தியிடம் இதே கேள்வியை நான் நிஜமாகவே கேட்டிருக்கிறேன்.

என் பழைய தொழில் என்று சொன்னேனே, அது கார்டு ஏற்றுகிறது. நகரி ஸ்டேஷன் ரோட்டில், ஒரு டீக்கடையை ஒட்டி, கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் இடிக்கிற அளவில் ஒரு மொபைல் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். போனில் படம் பார்க்கிற அளவுக்கு நெட் வராத காலம் அது. ஜனங்கள் மெமரி கார்டைக் கழற்றிக் கையில் கொடுத்து, "ரெண்டு தமிழு, ரெண்டு தெலுகு, மீதிக்கு சாமி பாட்டு" என்று காய்கறி கேட்கிற மாதிரிக் கேட்பார்கள். நான்கு ஜிபி கார்டில் ஐந்து படம் போகும், அதற்கு மேல் போனால் போட்டோ எடுக்க இடம் இருக்காது. பவர்லூம் ஓட்டுகிறவர்கள் சண்டைப் படமாகத்தான் கேட்பார்கள், தறிச் சத்தத்தில் வசனம் காதில் விழாது. லாரிக்காரர்களுக்குப் பாட்டு. எல்லாம் திருட்டுப் பிரிண்ட்தான், பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒருத்தர் என்ன ஐந்து படம் கேட்கிறார் என்பதை வைத்தே அவர் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுவேன் என்று அந்த வயசில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

அண்ணி அந்தக் கடைக்கு வந்து உட்கார்ந்தபோது அண்ணன் போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. கிணற்றடி மோட்டார் ஷெட்டில், மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட்டவன் அப்படியே போய்விட்டான். இருபத்தொன்பது வயசு. அவர்கள் மகள் பாப்பாவுக்கு அப்போது இரண்டு வயசு. கல்யாணத்தைத் திருத்தணிக் கோயிலில் சிம்பிளாக முடித்திருந்தோம், வீடியோ எடுக்கவில்லை. அவன் போன பிறகு, அடையாள அட்டைப் போட்டோவை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிசாக்கினோம். ஸ்டூடியோக்காரர் எங்கள் பக்கத்து வழக்கப்படி கழுத்துக்குக் கீழே ஒரு கோட்டும் டையும் ஒட்டி, முகத்துக்குச் சிவப்பு ஏற்றிக் கொடுத்துவிட்டார். அண்ணிக்கு அந்தப் படம் ஆகவே ஆகாது. "யாரோ இன்சூரன்ஸ் ஏஜென்ட் மாரி கீறாரு. இவருக்கு நான் எதுக்கு வெளக்கு வெக்கணும்?" என்பாள். ஆனாலும் வைப்பாள்.

அவன் போன பிறகு கிணறும் வற்றியது. மாம்பழத் தொழிற்சாலையில் சீசனுக்கு இரண்டு மாதம் வேலை, மிச்ச நாள் கூலி என்று ஓட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று அண்ணி முடிவு செய்தாள். எங்கள் மாவட்டத்தில் தெலுங்கு ஊர்களிலிருந்து பெண்கள் நிறையப் போவார்கள், எங்கள் ஊரிலிருந்து போனது அண்ணிதான் முதல். போய் வந்தவர்களிடம் புத்தூர் வரைக்கும் போய் விசாரித்துக்கொண்டு வந்தாள். சாப்பாட்டுக்குக் குறையில்லை, வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் பேசலாம், நெட் கிடைக்காது, வேலை முடிந்து அறைக்குள் போனால் நாலு சுவர்தான் துணை என்று சொன்னார்களாம். அவர்களில் ஒருத்தி, போனில் படம் ஏற்றிக்கொண்டு போ, இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று சொல்லியிருக்கிறாள்.

"ரெண்டு வருசத்துக்கு அஞ்சே அஞ்சு படம் அண்ணி. நல்லா யோசிச்சி சொல்லு," என்றேன். சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவள் மூன்று நாள் எடுத்துக்கொண்டாள்.

தினமும் பதினோரு மணி வாக்கில் பாப்பாவை இழுத்துக்கொண்டு வருவாள், கஸ்டமர் ஸ்டூலில் உட்காருவாள், நேற்றுச் சொன்னதில் இரண்டை அடிக்கச் சொல்வாள். முதல் நாளே மழைப் படம் ஒன்று வேண்டும் என்றாள். கதை எப்படி இருந்தாலும் பரவாயில்லை, அங்கே மழையே பெய்யாதாம், அதனால் மழை கொட்டுகிற படமாக ஒன்று. என் சிஸ்டத்தில் இருந்த அத்தனை படத்தையும் ஓட்டி ஓட்டிப் பார்த்து, நாற்று நடுகிற காட்சியில் நன்றாக மழை வரும் ஒன்றைப் பிடித்தேன். வெள்ளிக்கிழமைக்கு ஒரு தெலுங்கு அம்மன் படம். சிரிப்பதற்கு ஒன்று, அதில் பெண்டாட்டி புருஷனைத் துடைப்பத்தால் அடிக்கிற சீன் கட்டாயம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை. நாலாவதாக அவள் கேட்டதுதான் எனக்கு ஆச்சரியம். அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்காத ஒரு மாமியார்-மருமகள் படத்தைப் போடச் சொன்னாள்.

"புடிக்காத படம் எதுக்கு அண்ணி?"

"புடிச்ச படத்த பத்து வாட்டி பாத்தா சலிச்சிப் பூடும் தம்பி. புடிக்காததுன்னா திட்டிக்கினே பாக்கலாம். திட்றதுக்கு அங்க நமக்கு யாரு கீறாங்க?"

கடை வாசலில் நின்றிருந்த டீக்கடைக்காரர்கூடச் சிரித்துவிட்டார். அந்த மூன்று நாளும் எனக்கு இப்போது நினைத்தாலும் நன்றாக இருக்கிறது.

மூன்றாவது நாள் கிளம்பும்போது, முந்தானைக்குள்ளிருந்து ஒரு டிவிடி எடுத்துக் கொடுத்தாள். ஐந்தாவது படம் அது. எங்கள் ஊர்ப் பாரதம். திரௌபதி அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் கூத்து நடத்தி, கடைசி நாள் காலையில் துரியோதனன் படுகளம் போடுவார்கள். ஏரி மண்ணைக் கொட்டிக் குழைத்து, மல்லாந்து படுத்த துரியோதனனை ஒரு வீட்டு அகலத்துக்குச் செய்வார்கள். அண்ணன் சாவதற்கு முந்தின வருஷம் அதை ஊர்க் கேபிள்காரர் வீடியோ எடுத்து டிவிடி போட்டுக் கொடுத்தார். அதில் மண் குழைக்கிற கூட்டத்தில் அண்ணன் வருவான். கேமரா பக்கத்தில் வரும்போது திரும்பிப் பார்த்துச் சிரித்து, ஏதோ சொல்வான். மைக்செட் சத்தத்தில் அது கேட்காது. அவன் அசைகிற மாதிரி இந்த உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான். அண்ணன் போன பிறகு அண்ணி அதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, புடவைக்குள் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்திருந்தாள்.

"இங்க பாக்க தைரியம் இல்ல தம்பி. அங்க போயி பாத்துக்கறேன். அங்க அழுதா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

அன்றைக்கே காப்பி செய்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. நாளைக்கு, நாளைக்கு என்று நான்கு நாள் கவுண்டரிலேயே கிடந்தது. அவள் கிளம்புகிற நாள் காலையில் டிரைவில் போட்டேன். பாதியில் சிக்கி நின்றது. எடுத்துப் பார்த்தால் அடிப்பக்கம் விரல் ரேகையும் பிசுக்கும். போன் போர்டு துடைக்கிற தின்னர் பாட்டில் பக்கத்திலேயே இருந்தது. கை பழக்கம், பஞ்சில் நனைத்து ஒரு துடை துடைத்தேன். போர்டில் இருக்கிற அழுக்கையெல்லாம் அது பளிச்சென்று எடுத்துவிடும். டிஸ்க் என் கண் முன்னாலேயே பால் ஊற்றினது போல வெளுத்துப்போனது. தொழில் தெரிந்தவன் என்று பேர் எனக்கு. திரும்பப் போட்டபோது டிரைவ் அப்படி ஒரு டிஸ்க் உள்ளே இருப்பதாகவே காட்டவில்லை.

கடையைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு ஊருக்கு வண்டியை விரட்டினேன். கேபிள்காரர் கடையைக் காலி செய்துகொண்டு போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த டிவிடியை வாங்கியிருந்த இரண்டு வீட்டில் கேட்டேன். ஒரு வீட்டில் தொலைந்துபோயிருந்தது. இன்னொரு வீட்டுக்காரர் என்னை மாந்தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போய் மேலே கை காட்டினார். கிளி விரட்டுவதற்காக நூலில் கட்டித் தொங்கவிட்ட பழைய சிடிக்களோடு அதுவும் சுற்றிக்கொண்டிருந்தது. வெயிலும் மழையும் பட்டு அதன் வெள்ளிப் பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தது.

பன்னிரண்டு மணிக்கு மெட்ராஸ் ஏர்போர்ட் போகிற கார் வந்துவிடும். திரும்பக் கடைக்கு வந்து, சிஸ்டத்தில் யாரோ கேட்டு வாங்காமல் போன ஒரு தெலுங்குப் படத்தை எடுத்தேன். நான்கூடப் பார்க்காத படம். அளவு சரியாக இருந்தது, அவ்வளவுதான். அதன் பெயரை மாற்றி "5 பாரதம்" என்று அடித்துக் கார்டில் போட்டேன். அங்கே போய்த் திறந்து பார்த்துத் திட்டுவாள், அப்போது உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீட்டில் அம்மா அழுதுகொண்டிருந்தாள். பாப்பா காரின் கதவைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்று நின்றாள். நான் கார்டை அண்ணியின் கையில் கொடுத்தேன்.

"அஞ்சும் கீதா தம்பி?"

"கீது அண்ணி."

மூன்றாவது வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் முதல் போன் வந்தது. அம்மாவிடமும் பாப்பாவிடமும் பேசி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். நான் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய வாக்கியத்தைப் பதினைந்து நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

"தம்பி, அந்த அஞ்சாவது படம் பாத்தேன்," என்றாள். "எப்டிடா கண்டுபுடிச்ச? அந்த சந்த சீன்ல ஒங்கண்ணன் நிக்கிறாரு. தேங்கா குமிச்சி வெச்சிக் கீற எடத்துல. என்னையே பாக்கறாருடா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே தொடர்ந்து சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டு திருப்பதிக்குப் போன இடத்தில் ஒரு ஷூட்டிங்கில் கூட்டத்தோடு நின்றதாக அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தானே, என்ன படம் என்றுகூடத் தெரியாமல் உளறுகிறான் என்று எல்லாரும் கிண்டல் செய்தோமே, அந்தப் படத்தை நான் எப்படியோ தேடிப் பிடித்திருக்கிறேனாம். பாரதம் என்று பேரை மாற்றி, தனக்குத் திடீரென்று தெரிய வேண்டும் என்றே வைத்திருக்கிறேனாம். "நெஜமாத்தானே தேடிப் போட்ட?" என்று கேட்டாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் அவளிடம் நான்கு வருஷமாகக் கேட்டதில்லை.

"ஆமா அண்ணி," என்றேன்.

உடனே கடைக்குப் போய் அந்தப் படத்தைத் திறந்து சந்தைக் காட்சிக்கு ஓட்டினேன். கதாநாயகன் நாலு பேரைத் தூக்கிப் போட்டு அடிக்கிறான், கூட்டம் சிதறுகிறது. தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் மட்டும் ஓடாமல் நிற்கிறார். தோளில் நீலக் கட்டம் போட்ட துண்டு. வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்க்கிறார். நான்கு விநாடி. முகவாக்கட்டையில் அண்ணன் சாயல் கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படத்தைப் பற்றித் தேடிப் பார்த்தபோது, அண்ணனுக்குக் காரியம் முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் அதன் ஷூட்டிங்குக்குப் பூஜையே போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. செத்தவன் எப்படிப் போய்ச் சந்தையில் நிற்பான்? அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் இன்னும் சந்தோஷமாகப் பேசினாள்.

இரண்டு வருஷம் நான்கு வருஷமாக நீண்டது. மழைப் படம் பாதியில் நின்றுவிடுகிறது என்றும், மாமியார் படத்தைத் திட்டித் திட்டித் திட்டே தீர்ந்துவிட்டது என்றும் சிரிப்பாள். ஐந்தாவது படத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். தினமும் துணி மடித்து முடித்துவிட்டு அந்த நான்கு விநாடியை ஓட்டுவாளாம். பாப்பா படிப்பைப் பற்றி அவரிடம் சொல்வாளாம். "இன்னிக்கு கொஞ்சம் கோவமா பாத்தாரு தம்பி, நான் எஜமானியம்மாகிட்ட எதுத்துப் பேசிட்டேன், அதுக்குதான்," என்றாள் ஒருமுறை. "ம்," என்று மட்டும் சொன்னேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அண்ணி ஊர் திரும்பியதும், பழுதாகிப்போயிருந்த அந்தப் போனிலிருந்து கார்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள், பத்திரமாக வை என்று. அந்த நான்கு விநாடியை நானேதான் வெட்டி எல்லார் போனுக்கும் ஏற்றிக் கொடுத்தேன். அம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பார்வை சரியாகத் தெரியாத கண்ணால் பார்த்து, "எம்புள்ள, எம்புள்ள," என்று அடித்துக்கொண்டு அழுதாள். பெற்றவளே சொன்ன பிறகு ஊரில் யார் மறுத்துப் பேசுவார்கள்? கோட்டும் டையும் போட்ட படத்தை அண்ணி சுவரிலிருந்து இறக்கினாள். நீலத் துண்டுக்காரரின் படத்தை அதே ஸ்டூடியோவில் பெரிசாக்கி, பிரேம் போட்டு, மாலை போட்டாள். அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். எங்கேயோ உயிரோடு இருக்கக்கூடிய ஒரு மனுஷருக்கு எங்கள் வீட்டில் வருஷா வருஷம் திவசம் நடக்கிறது, அதற்கு நான் பக்கத்தில் நின்று கற்பூரம் காட்டுகிறேன். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் நான் தலையைக் குனிந்துகொண்டுதான் நடப்பேன். எதிரில் அவர் வந்துவிடுவாரோ என்று அப்படி ஒரு பயம்.

நெட் மலிந்து கடைக்கு ஆள் வருவது நின்றது. கடையை மூடிவிட்டு ஸ்ரீ சிட்டி வேலைக்குப் போனேன். வெளுத்துப்போன அந்த டிஸ்க்கை மட்டும் தூக்கிப் போடவில்லை, அண்ணி அதைத் திரும்பக் கேட்கவும் இல்லை.

போன தை மாதம் பாப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மண்டபத்தில் பெரிய எல்இடி ஸ்கிரீன் வைப்பதாகப் பேச்சு. பாப்பா ஒரு நாள் என்னிடம் வந்து நின்றாள். "சித்தப்பா, தாலி கட்டறதுக்கு முன்னால நைனா வீடியோ போடணும். பெரிய ஸ்கிரீன்ல, ஸ்லோவா. அவரு என்னையப் பாக்கற மாரி இருக்கணும்." அவளுக்கு அப்பாவின் முகம் ஞாபகம் இருக்க வழியில்லை. அவள் வளர்ந்ததே அந்த நான்கு விநாடியைப் பார்த்துத்தான். சரி என்று சொல்லிவிட்டேன். இதுவரைக்கும் ஒரு போனுக்குள் இருந்த பொய், இனி ஊரைக் கூட்டி வைத்து, ஒரு பெண் மணையில் உட்கார்ந்து பார்க்கப்போகிற பொய்.

திருப்பதியில் பழைய கேசட், டிஸ்க்கையெல்லாம் கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றிக் கொடுக்கிற ஒருத்தர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். டிஸ்க்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இதை யார் தின்னர் போட்டுத் துடைத்தது என்று தெலுங்கில் கேட்டார். யாரோ ஒரு முட்டாள் என்றேன். மேல் தோலை மட்டும் தேய்த்துப் பாலிஷ் போட்டுப் பார்க்கிறேன், வந்தால் உங்கள் அதிர்ஷ்டம் என்றார். நான்காம் நாள் போன் செய்தார். முழுதும் வரவில்லை, துண்டு துண்டாகக் கொஞ்சம் வந்திருக்கிறது. அவர் கடையிலேயே உட்கார்ந்து பார்த்தேன். தவில் சத்தம், புகை, பாதி உருவான துரியோதனனின் வயிறு. பிறகு அண்ணன் வந்தான்.

பதினொரு விநாடி. எவ்வளவு ஒல்லி! இடுப்பு வரைக்கும் மண். மேல்பல் ஒன்று இன்னொன்றின் மேல் ஏறியிருக்கும் என்பதையே நான் மறந்திருந்தேன். என்னைவிடக் குட்டை என்பதையும். மண்ணை அள்ளிக்கொண்டு திரும்பி, கேமராவைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்து ஏதோ சொல்கிறான். அவன் சொன்னது என்ன என்று காதை ஸ்பீக்கரில் ஒட்டி வைத்துக் கேட்டேன். கேட்கவில்லை. கடைக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார், நான் அழுது முடிக்கட்டும் என்று.

அன்றைக்குப் பிற்பகலே அண்ணியின் வீட்டுக்குப் போனேன். முதலில் வீடியோவைக் காட்டுவது, பிறகு காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானம். அண்ணி தரையில் உட்கார்ந்து தாம்பூலப் பைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பாப்பா பக்கத்தில். சுவரில் நீலத் துண்டுக்காரர். போனை அண்ணியின் கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். முடிந்ததும் தானே இன்னொரு தடவை ஓட்டினாள்.

"யாரு தம்பி இது?" என்றாள். "பாத்த மூஞ்சா கீதே."

அவள் மறுபடி ஓட்டினாள். பாப்பாவும் எட்டிப் பார்த்தாள்.

"நம்ம ஊரு பாரதம்தான். பையன் யாருன்னு தெரியலியே. சின்ன வயசு. நல்லா சிரிக்கிறான், பாவம்." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "யாருடா?"

அவளுக்கு வயசு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. அவன் இருபத்தெட்டிலேயே நின்றுகொண்டிருக்கிறான். அவனோடு அவள் வாழ்ந்தது நான்கு வருஷம். நான் கொடுத்த ஆளோடு அவள் வாழ்ந்தது அதைவிட எத்தனையோ வருஷம். வாயைத் திறந்தேன். அண்ணன் என்ற ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால், கட்டின புருஷனைத் தனக்கு அடையாளம் தெரியவில்லை என்பதையும் சேர்த்து அவளுக்குச் சொன்னதாகும். பக்கத்தில் பெண், வெளியே பந்தக்கால்.

"தெரியல அண்ணி," என்றேன். "பழைய டிஸ்க்குல இருந்திச்சி."

என் அண்ணனை எனக்குத் தெரியாது என்று, அவன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அவன் பெண்டாட்டியிடம் சொன்னேன்.

கல்யாணத்தன்று ஸ்கிரீனில் நீலத் துண்டுக்காரர் பத்தடி உயரத்துக்கு வந்தார். நெற்றியில் கை வைத்துக்கொண்டு மண்டபத்தையே மெதுவாகப் பார்த்தார். பேச்சுச் சத்தம் அடங்கியது. "அப்டியே அவன்தான்," என்று எனக்குப் பின்னால் ஒரு பெரியவர் விசும்பினார், அண்ணனோடு ஏரியில் மீன் பிடித்து வளர்ந்த ஆள். பாப்பா மணையிலிருந்து எழுந்து ஸ்கிரீனைப் பார்த்துக் கும்பிட்டாள். அண்ணி அழவில்லை. முகம் நிறைந்து இருந்தது. என்னைத் தேடிப் பார்த்து, தலையை அசைத்தாள். எனக்கு நன்றி சொல்கிறாள் என்று புரிந்தது.

பஸ்ஸில் அந்தப் பெண் இன்னும் விடவில்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது, அங்கிள் ஒங்க அஞ்சு இன்னா என்று கேட்டுவிடுகிறாள். நேற்றுக் காலை பீரோவிலிருந்து கார்டை எடுத்தேன். கல்யாணம் முடிந்த மறுநாள் அதில் ஆறாவதாக அந்தப் பதினொரு விநாடியை ஏற்றி வைத்திருக்கிறேன். அது போகிற அளவுக்கு இடம் இருந்தது. பெயர் வைக்கத் தோன்றவில்லை, 6 என்று மட்டும் இருக்கிறது. எனக்கு அப்புறம் அதைத் திறந்து பார்க்கிறவர்களுக்கு அது யாரோ ஒரு பையன். அவன் பெயரைச் சொல்ல இன்றைக்கு மிச்சம் இருப்பவன் நான் ஒருத்தன்தான். நேற்று அவனை நினைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்திலிருந்து, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, அந்த ஆள்தான் என்னைப் பார்த்தார். கார்டைத் திரும்ப டப்பியில் போட்டு, ரப்பர் பேண்டைச் சுற்றி உள்ளே வைத்தேன்.